மருத்துவமனையும் பொறியியல் கல்லூரியும் கைகோர்த்தால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 6

நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றோடு கல்லூரி நிர்வாகம் சென்ற மாதம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பொன்னாடையும் புகைப்படமும் வருகின்றன; கருவி எதுவும் வருவதில்லை. மருத்துவமனையும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, ஏழை நோயாளியின் உடல்வரை போய்ச் சேர்ந்த ஒரு பொருளையாவது யாராவது காட்ட முடியுமா?

2025 ஜனவரி 7

காட்ட முடியும். அது என் தாயாரின் மார்புக்குள் இருக்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் அம்மாவின் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. 38 வயதில் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். 1997-இல் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவருக்குச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். நான் அப்போது பாலிடெக்னிக் மாணவன். அறுவைக்கு முந்தைய நாள் இளம் மருத்துவர் ஒருவர் அந்த வால்வின் மாதிரியை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளைத் துணி சுற்றிய உலோக வளையம், அதன் நடுவே சாய்ந்து திறந்து சாய்ந்து மூடும் ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். விரலால் தள்ளினால் திறந்தது, கையைக் கவிழ்த்தால் மூடியது. "இது இங்கேயே உருவானது" என்று அவர் சொன்னபோது அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

விளங்கியது பிற்பாடுதான். அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநரான டாக்டர் எம். எஸ். வலியத்தான் இதய அறுவை மருத்துவர். வெளிநாட்டு வால்வின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், ஜி. எஸ். புவனேஸ்வர் போன்ற பொறியாளர்களோடு சேர்ந்து உள்நாட்டிலேயே ஒன்றைச் செய்ய அவர் முனைந்தார். ஆண்டுகள் பல ஓடின. 1990 டிசம்பர் 6 அன்றுதான் முதல் மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. பின்னர் டிடிகே நிறுவனம் தயாரிக்க, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

அறுவை மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. ஒப்பந்தத் தாள் ஒன்று மட்டும் இருந்து இது நடந்திருக்காது.

2025 ஜனவரி 7, இரவு

காலையில் எழுதியதில் முக்கியமான பகுதி ஒன்று விடுபட்டுவிட்டது. இன்று பொருத்தப்படும் சித்திரா வால்வு நான்காவது வடிவம். அதற்கு முந்தையவை தோற்றன. தகட்டை நீலக்கல்லில் செய்து பார்த்தார்கள். அது மிகக் கடினமான பொருள், தேயாது என்பதே காரணம். அந்தக் கடினமே எதிராக வேலை செய்தது. தகடு தேயவில்லை, அது மோதிய டைட்டானியம் தேய்ந்தது. உலோகத்தை மாற்றிய பிறகு, செம்மறி ஆடு ஒன்றின் உடலில் பொருத்திய வால்வில் நீலக்கல் தகடே உடைந்தது. கடைசியில் நிலைத்தது பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக் தகடும் குரோம் கோபால்ட் உலோகக் கலவை வளையமும்தான்.

நிமிடத்துக்கு எழுபது முறை என்று கணக்கிட்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை அந்தத் தகடு திறந்து மூட வேண்டும். எந்தப் பொருள் அதைத் தாங்கும் என்பதைப் பொறியாளர் சோதிக்கலாம். ரத்தம் அதில் உறையுமா, உறைந்தால் நோயாளிக்கு என்ன நேரும் என்பதை மருத்துவரோடு சேர்ந்துதான் அறிய முடியும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இரு தரப்பும் மறுபடி ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் விரிவுரையாளர் நண்பர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2025 ஜனவரி 9

"ஒரே கூரை" என்று நான் எழுதியதைத் திருவனந்தபுரத்து வாசகர் ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. மருத்துவமனை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பல கிலோமீட்டர் தள்ளி, பூஜப்புரையில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்குகிறது. இரண்டும் திருவிதாங்கூர் அரச குடும்பத்திடமிருந்து வந்த இடங்கள். 1980-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் இவை இரண்டையும் ஒரே நிறுவனமாக்கித் தேசிய முக்கியத்துவம் பெற்றதாக அறிவித்தது.

ஆகவே என் வாதத்தை மாற்றிக்கொள்கிறேன். கூரை இரண்டாக இருக்கலாம். தலைமையும் பொறுப்பும் ஒன்றாக இருந்தன. வால்வு தோற்றால் அது மருத்துவமனையின் தோல்வி, பட்டறையின் தோல்வியும் கூட; யாரும் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நகர முடியாது.

2025 ஜனவரி 12

வெற்றிக் கதையை மட்டும் சொன்னால் போதுமா, தோற்றதையும் சொல்லுங்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் 24 ஆண்டுகளாக மருத்துவமனைகளில் கருவிப் பராமரிப்புப் பொறியாளராக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய மருத்துவமனையும் ஒரு பொறியியல் கல்லூரியும் இணைந்து குறைந்த விலையில் ஈசிஜி மானிட்டர் ஒன்றை உருவாக்க முன்வந்தன. இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் கெட்டிக்காரர்கள். கல்லூரி ஆய்வகத்தில் அவர்கள் செய்த கருவி அழகாக வேலை செய்தது. திரையில் அலைகள் தெளிவாக ஓடின. நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, வார்டில் ஏற்கெனவே இருந்த மானிட்டருக்குப் பக்கத்தில் இதையும் வைத்தோம். முதல் மணி நேரத்திலேயே அலை காணாமல் போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர். எங்கள் பக்கத்து முதியவர்கள் பலர் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். தோலில் எண்ணெய் ஊறியிருக்க, மேலே வியர்வையும் சேர்ந்தால் மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோட் நழுவிவிடும். மற்ற மானிட்டரின் எலெக்ட்ரோட் மட்டும் ஏன் நிற்கிறது என்று மாணவர்கள் கேட்டார்கள். சிஸ்டர் பேசாமல் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார். நோயாளியின் மார்பில் மூன்று இடங்களை அழுத்தித் துடைத்தார். காயும்வரை கையால் விசிறினார். பிறகு பிளாஸ்டரை இழுத்து ஒட்டி, லீட் கம்பியை ஒரு வளையமாகச் சுருட்டி அதன்மேல் இன்னொரு பிளாஸ்டர் போட்டார். நோயாளி புரண்டு படுத்தால் இழுபடுவது அந்த வளையம்தான், எலெக்ட்ரோட் அசையாது. எந்தக் கையேட்டிலும் இந்த வளையத்தை நான் பார்த்ததில்லை.

அந்த மாணவர்கள் நல்ல பிள்ளைகள். அடுத்த வாரம் முழுவதும் இரவில் வார்டில் உட்கார்ந்தார்கள். கையுறை போட்ட விரலால் தங்கள் கருவியின் பொத்தானை அழுத்த முடியவில்லை என்பதையும், அதன் எச்சரிக்கை ஒலி பக்கத்துப் படுக்கைக் கருவியின் ஒலியைப் போலவே இருந்ததால் சிஸ்டர்கள் தவறான படுக்கைக்கு ஓடினார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் பொத்தானையும் ஒலியையும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

பிறகு ஏப்ரல் வந்தது. தேர்வு, வேலை, பெங்களூரு. கருவியில் ஒரு மின்தேக்கி பழுதானபோது அதைத் திறந்து பார்க்க, மின்சுற்றின் வரைபடமான சுற்றுப்படம்கூட எங்களிடம் இல்லை. அது மருந்து அறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. நான் அந்த மருத்துவமனையை விட்டு விலகிய நாளிலும் அங்கேயே இருந்தது.

2025 ஜனவரி 13

நேற்றைய குறிப்பைப் படித்தவர்கள் அந்தக் கல்லூரியைக் குறை கூறியிருக்கிறார்கள். இரவெல்லாம் அதைப் பற்றியே யோசித்தேன். பழியை முழுவதும் கல்லூரியின்மேல் போடுவது நியாயமாகாது. நாங்களும் சுற்றுப்படத்தைக் கேட்டு வாங்கவில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களிடம் வேலையை ஒப்படைக்க ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும், எழுதவில்லை. மருத்துவமனையின் கண்ணுக்கு அது மாணவர் செயல்திட்டமாகவே தெரிந்தது. எங்களுக்குச் சொந்தமான கருவியாக நாங்கள் ஒருநாளும் அதை நினைக்கவில்லை. அந்த சிஸ்டரின் பெயர்கூட மாணவர்களின் அறிக்கையில் இடம்பெறவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2025 ஜனவரி 19

சென்னையிலிருந்து எழுதிய வாசகர், தனித்தனி நிறுவனங்கள் சேர்ந்து சாதித்ததற்கு உதாரணம் உண்டா என்று கேட்கிறார். தலைமை ஒன்றாக இருந்தால்தான் நடக்கும் என்று நான் 9-ஆம் தேதி சொன்னதை அவர் மறுக்கிறார். மறுப்பதற்கு இடம் இருக்கிறது.

1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா, சென்னை ஐஐடியோடு சேர்ந்து நடமாடும் கண் அறுவை அரங்கை உருவாக்கியது. இரண்டு பேருந்துகள், ஒன்றில் நோயாளியைத் தயார் செய்வார்கள், மற்றொன்று அறுவை அரங்கு, நடுவில் இரண்டையும் இணைக்கும் வழி. கண்புரை அறுவை நுண்ணோக்கியின்கீழ் நடப்பது. மருத்துவரின் கை அசைவைப் போலவே வண்டியின் அசைவும் அங்கே பெரிதாகத்தான் தெரியும். காற்றின் தூய்மையும் நகர மருத்துவமனையில் இருப்பதைவிட ஒரு மாற்றுக்கூடக் குறையக் கூடாது. இவை பொறியாளர் தீர்க்க வேண்டிய சிக்கல்கள். எந்தக் கிராமத்து முதியவர் எந்தக் காரணத்தால் நகரத்துக்கு வர மறுக்கிறார் என்பது மருத்துவமனைக்குத் தெரிந்த செய்தி. இரண்டும் சந்தித்த இடம்தான் அந்தப் பேருந்து.

அதே ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் 2019-இல் 'அரைஸ்' என்ற சக்கர நாற்காலியை வெளியிட்டது. அமர்ந்திருப்பவர் தன் கையால் இயக்கித் தானே எழுந்து நிற்கலாம். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவருக்குப் படுக்கைப்புண், ரத்த ஓட்டக் குறைவு, எலும்புத் தேய்மானம் எல்லாம் வரிசையாக வரும் என்பதை மறுவாழ்வு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தக் கருவி ஆய்வறிக்கையோடு நின்றுவிடாமல் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்ற சென்னை நிறுவனத்தின் வழியாகத் தயாரிப்புக்கு வந்தது. ஐஐடியின் அந்த மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம், பயன்படுத்துபவரின் உடல் அளவுகளை எடுத்து அவருக்கென்றே நாற்காலி செய்கிறது. தையல்காரர் அளவெடுப்பதைப் போல நாற்காலிக்கு அளவெடுப்பார்கள் என்று நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மருத்துவமனைகளில் அன்று இருந்தது ஒரே அளவு நாற்காலி, அதுவும் வரவேற்பறையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும்.

2025 ஜனவரி 20

முந்தைய குறிப்பை எழுதி முடித்த பிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. நான் அடுக்கியவற்றில் நோயாளியின் வீடுவரை சென்ற வால்வு, நாற்காலி இரண்டிலும் மூன்றாவது ஒரு கை இருக்கிறது. வால்வுக்கு டிடிகே, நாற்காலிக்கு பீனிக்ஸ். ஸ்ரீ சித்திராவில் உருவான ரத்தப் பை தொழில்நுட்பமும் பெனின்சுலா பாலிமர்ஸ் என்ற நிறுவனத்தின் கையில் சேர்ந்த பிறகே நாடெங்கும் போனது. கண்ணாடிப் புட்டியில் ரத்தம் சேமித்த காலத்தை நினைவு வைத்திருக்கும் மூத்த செவிலியர்கள் இதன் அருமையை நன்கு அறிவார்கள்.

எங்கள் மானிட்டருக்கு அந்த மூன்றாவது கை இல்லை. மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்தால் போதும் என்று 7-ஆம் தேதி நான் எழுதியது பாதி உண்மைதான்.

2025 பிப்ரவரி 2

செயற்கை நுண்ணறிவு பற்றி நான் ஏன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவம் கம்பியும் உலோகமும் சார்ந்தது என்பதால் தயங்கினேன். ஆனால் எனக்கு நன்றாக நினைவில் நிற்கும் நிகழ்வு ஒன்று உண்டு. நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் மென்பொருளைக் கூகுள் உருவாக்கியபோது மதுரை அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. 2016-இல் வெளிவந்த ஆய்வில் அது நல்ல துல்லியம் காட்டியது. பின்னர் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் அதை நடைமுறையில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே எடுத்த 1,838 படங்களில் ஏறத்தாழ 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருளே திருப்பி அனுப்பியது. சில நிலையங்களில் அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியவில்லை. இணைய இணைப்பும் மெதுவாக இருந்தது. படம் ஏற்கப்படாத நோயாளி வேறொரு நாள் வேலையை விட்டு வேறொரு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

அதைப் படித்தபோது எனக்குத் தேங்காய் எண்ணெய்தான் நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் தோல் சுத்தமாக இருக்கும், அறை இருட்டாக இருக்கும். வார்டில் இரண்டும் இருப்பதில்லை. அந்த நிலையங்களில் செவிலியர்களின் அருகிலேயே இருந்து கவனித்து, இந்தக் குறைகளை ஒளிக்காமல் கூகுள் ஆய்வாளர்களே வெளியிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். இது நிறுவனமும் மருத்துவமனைகளும் சேர்ந்த வேலை, பல்கலைக்கழகக் கூட்டு அல்ல. எனினும் படிக்க வேண்டிய பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

2025 பிப்ரவரி 3

சுருக்கமாக ஒன்று. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் மகளுக்கு வழி கேட்ட தாய்க்கு இந்தப் பதில்: சென்னை ஐஐடி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ சித்திரா மூன்றும் சேர்ந்து மருத்துவப் பொறியியலில் எம்.டெக். பட்டப்படிப்பு நடத்துகின்றன. மாணவர் மூன்று இடங்களிலும் பயில்வார்; மருத்துவமனையில் இருந்து, அங்கே காணும் தேவையிலிருந்து தன் ஆய்வைத் தேர்ந்தெடுப்பார். இப்படி ஒரு படிப்பு நான் படித்த காலத்தில் இருந்திருந்தால் கடன் வாங்கியாவது சேர்ந்திருப்பேன். தங்கள் மகளைத் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அம்மா.

2025 பிப்ரவரி 16

விரிவுரையாளர் நண்பர் திரும்ப வந்து, பொதுவாகச் சொன்னது போதும், நான் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய தொனி மாறியிருப்பதைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தேன்.

ஐயா, முதல் மூன்று மாதம் எந்தக் கருவியையும் செய்யாதீர்கள். மாணவர்களை வார்டில் உட்கார வையுங்கள். மருத்துவர்களிடம் 'உங்களுக்கு என்ன கருவி வேண்டும்' என்று கேட்டால் வெளிநாட்டு மாநாட்டில் பார்த்ததைச் சொல்வார்கள். அதில் தவறில்லை, ஆனால் உங்கள் மாணவர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல் பெரும்பாலும் சிஸ்டர் பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைத்த இடத்தில் இருக்கும். எந்தக் கருவியில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது, எந்தப் பொத்தானின்மேல் பேனாவால் எழுதியிருக்கிறது, எது துணி போட்டு மூடி மூலையில் கிடக்கிறது என்று முதலில் கணக்கெடுக்கச் சொல்லுங்கள்.

நோயாளியின் உடலைத் தொடும் எதையும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. விற்பனைக்குக் கொண்டுபோக நினைத்தால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் எந்த வகுப்பில் அதைச் சேர்க்கின்றன என்று தொடக்கத்திலேயே பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் சேர்க்க நிர்வாகத்தை வற்புறுத்துங்கள்: மாணவர் படிப்பு முடிந்து போனபின் கருவியைப் பராமரிப்பவர் யார், சுற்றுப்படமும் நிரலும் யாரிடம் இருக்கும். இந்த இரண்டு வரிகள் இல்லாததால் அலமாரிக்குப் போனதைத்தான் நான் ஜனவரி 12-இல் எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்கு வால்வு வைத்து 27 ஆண்டுக்கு மேல் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க அவர் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். குறித்த இடைவெளியில், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அந்த எண்ணை ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறோம். இப்போது ஐந்தாவது நோட்டு. முருங்கைக்கீரையை ஒருநாள் அதிகம் சாப்பிட்டுவிட்டால்கூட எண் மாறும். வால்வை உருவாக்கியவர்களின் வேலை அறுவை அரங்கோடு முடிந்தது என்று நான் நினைத்ததில்லை. ஆண்டுக்கணக்கில் நோயாளியைத் திரும்ப வரவழைத்துப் பார்த்ததும் அதே வேலையின் பகுதிதான். உங்கள் கருவிக்கும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள்.

2025 பிப்ரவரி 23

மாணவர்கள் ஆறு பேர் நாளை மறுநாள் முதல் இரவுப் பணி நேரத்தில் வார்டுக்குப் போகிறார்கள் என்று நண்பர் எழுதியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுவதாகச் சொன்னீர்கள். அரை மணி நேரம் முன்னதாகவே போகச் சொல்லுங்கள். பகல் சிஸ்டர் இரவு சிஸ்டரிடம் படுக்கை படுக்கையாக ஒப்படைக்கும்போது பேசுவதைக் கேட்டாலே எந்தக் கருவி மக்கர் செய்கிறது என்று தெரிந்துவிடும். மூடிய செருப்பு அணியட்டும். நோயாளியைப் படம் எடுக்கக் கூடாது. கேள்விகளை விடியற்காலை நான்கு மணிக்குமேல் கேட்கலாம், அதற்கு முன் அவர்களுக்கு நேரம் இருக்காது. அறிக்கை எழுதும்போது, சொல்லிக் கொடுத்த சிஸ்டர்களின் சம்மதம் கேட்டு, அவர்களின் பெயரை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.